கறுப்பு வெள்ளைத் திட்டுள்ள குதிரையை 'வெல்ஷ் கோப்' (வேல்ஸ் நாட்டின் கட்டுமஸ்தான குதிரை இனம்) என்கிறார்கள். பாஸ்போர்ட் உண்டு, தாய் தகப்பன் விவரம் இல்லை. வாங்கிய பிறகு இனப்பதிவு செய்ய முடியுமா? ஷையர் போன்ற கனத்த இனங்களுக்கும் இதே விதியா?

வெல்ஷ் கோப் என்று பதிய முடியாது. திட்டு நிறம் ஒன்றே போதும், கதவு மூடிவிடும். 1901-இல் தொடங்கிய வெல்ஷ் போனி அண்ட் கோப் சொசைட்டி மற்ற நிறங்களை ஏற்கும். திட்டுத்திட்டாக இருப்பதை மட்டும் இனப்பதிவேட்டில் சேர்க்காது. நிறம் சரியாக இருந்தாலும் தாய், தகப்பன் இரண்டும் அதே பதிவேட்டில் இருந்தாக வேண்டும். பார்க்க அசல் கோப் மாதிரியே இருக்கிறது என்பதெல்லாம் அங்கே செல்லாது.

நான் வேல்ஸில் ஒரு லாயத்தில் பகுதி நேரமாக வேலை பார்க்கிறேன். பாஸ்போர்ட்டை இனச் சான்றிதழ் என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர். பிரிட்டனில் கழுதைக்குக்கூடப் பாஸ்போர்ட் கட்டாயம். இங்கிலாந்தில் 2020 அக்டோபர் 1 முதல் எல்லா வயதுக் குதிரைக்கும் மைக்ரோசிப்பும் கட்டாயம். ஆனால் வெறும் அடையாளத்துக்கான பாஸ்போர்ட்டில் 'கோப்' என்றிருந்தால், விண்ணப்பித்தவர் அப்படிச் சொன்னார் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. வம்சாவளி அச்சாகியிருக்கிறதா, எந்தச் சங்கம் கொடுத்தது என்று பாருங்கள்.

வெல்ஷ் இரத்தம் 12.5 சதவீதமாவது இருந்தால் கலப்பினப் பதிவேடு ஒன்று உண்டு. அதற்கும் பதிவான முன்னோர் யார் என்று காட்ட வேண்டும். காகிதமே இல்லாத குதிரைக்கு அதுவும் உதவாது. பழைய உரிமையாளரைப் பிடிக்க முடிந்தால் விசாரியுங்கள். சிப் எண்ணை வைத்துச் சங்கத்திடமும் கேட்கலாம்.

கனத்த இனங்களிலும் அடிப்படை இதேதான், நிறத்தில்தான் ஆளுக்கொரு பிடிவாதம். சஃபோக் என்றால் செம்பழுப்பு மட்டுமே. பிரிட்டிஷ் பெர்ஷெரானுக்குச் சாம்பல் அல்லது கறுப்பு. ஷையர் பொலிகுதிரை செம்பழுப்பாக இருக்கக்கூடாது, உயரமும் 17 ஹேண்ட், அதாவது சுமார் 173 செ.மீ. எட்ட வேண்டும், பெட்டைக்கு 16 போதும். ஆனால் 1878-இல் தொடங்கிய ஷையர் சங்கம் ஒரு சின்ன வழி விட்டிருக்கிறது. பதிவில்லாத பெட்டையைப் பதிவான ஷையரோடு சேர்த்தால், அதன் பெண் வாரிசுகள் படிப்படியாகத் தரம் ஏறி, சில தலைமுறை கழித்து முழுப் பதிவுக்கு வரலாம். வாங்கியவருக்குப் பலன் கிடைப்பதற்குள் தலை நரைத்துவிடும், அது வேறு கதை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஜிப்ஸி கோப், அதாவது நாடோடிகள் வளர்த்த, கால் மயிர் அடர்ந்த கோப் வகையாகத்தான் இருக்கும். அவற்றுக்கென்று தனிச் சங்கங்கள் உண்டு, நிறத்தடையும் கிடையாது. விற்பவரிடம் 'வெல்ஷ்' என்ற பேச்சை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு அவற்றில் விசாரியுங்கள். பெட்டையாக இருந்து குட்டி எடுக்கும் எண்ணமும் இருந்தால், மயிர்வேரை அனுப்பி எஃப்ஐஎஸ் என்ற பரம்பரைக் குறைக்கான மரபணுச் சோதனை செய்துகொள்ளுங்கள். ஃபெல், டேல்ஸ் மட்டக்குதிரைகளில் குட்டிகளின் நோய் எதிர்ப்பு சக்தியை அழித்துக் கொல்லும் அந்தக் குறை இந்த வகையிலும் உண்டு.

சவாரிக்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம், பதிவுள்ள குதிரையின் விலையை மட்டும் கொடுக்காதீர்கள். அப்புறம், கால் மயிரை விலக்கித் தோலில் சொறி, புண் இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.