நீண்ட கைகளும் பெஞ்ச் பிரஸ்ஸும்

கேள்வி: காரைக்குடியில் ஜிம்முக்குப் போகிறேன். வயது 24, உயரம் 180 செ.மீ., எடை 66 கிலோ. கூடவே சேர்ந்த நண்பன் 163 செ.மீ.தான், எடை என்னுடையதே. எட்டு மாதத்தில் அவன் பெஞ்ச் பிரஸ்ஸில் (பெஞ்சில் படுத்து, எடை மாட்டிய கம்பியை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது) 80 கிலோ தள்ளுகிறான். நான் 50-ஐத் தாண்டவில்லை. கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் முன்னால் சாய்ந்துவிடுகிறேன். என் உடம்புக்கு வலு ஏறாதா?
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: ஏறும் தம்பி. வீட்டு வளவில் சுவரோடு முதுகை ஒட்டி நின்று, கைகளை விரித்து, நடுவிரல் நுனிக்கு நுனி அளந்து பாருங்கள். பெரும்பாலோருக்கு அது உயரத்தை ஒட்டியே வரும். அப்படியென்றால் நண்பரைவிட உங்கள் கை ஒவ்வொன்றும் பல செ.மீ. நீளம். கம்பி நெஞ்சிலிருந்து மேலே போகும் தூரமும் அந்த அளவுக்குக் கூடும். பாரம் மூட்டிலிருந்து தள்ளி நிற்பதால் அதே 50 கிலோ உங்கள் தசையை அதிகமாகச் சோதிக்கிறது. போதாததற்கு, அவருடைய 66 கிலோ குட்டையான உடம்பில் அடர்ந்து நிற்கிறது; உங்களுடையது நெடிய எலும்பின் மேல் பரவியிருக்கிறது.

தரையில் கிடக்கும் கம்பியைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்டில் கதை வேறு. கை நீண்டவர் அதிகம் குனியாமலே கம்பியைப் பிடிக்கலாம். நம் பக்கத்து ஊர்களில் இளவட்டக்கல் தூக்கியவர்களை நினைத்துப் பாருங்கள்: உருண்டைக் கல்லைக் கட்டி அணைக்க நீண்ட கை எவ்வளவு உதவியிருக்கும்!

ஸ்குவாட்டில் சாய்வதற்குத் தொடை எலும்பின் நீளம் முக்கியக் காரணமாக இருக்கலாம். இடுப்பு பின்னால் போனால் நெஞ்சு முன்னால் வந்துதான் சமநிலை காக்கும், அது தவறல்ல. கால்களைச் சற்று அகட்டி, பாதங்களை வெளிப்பக்கம் திருப்புங்கள். குதிகாலுக்கு அடியில் மெல்லிய எடை பிளேட் வைத்தும் பார்க்கலாம்.

எலும்பு மாறாது, தசை மாறும். தசை தடிக்கத் தடிக்க வலு கூடும். அதனால் மாதம் ஒருமுறை புஜம், தொடை, இடுப்பு மூன்றையும் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். உங்கள் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் குறியீடு) சுமார் 20. இன்னும் ஐந்து கிலோ ஏற இடமிருக்கிறது. இடுப்பு மட்டும் 90 செ.மீ.யைத் தாண்ட வேண்டாம். காலையில் வெறும் பணியாரத்தோடு எழுந்துவிடாதீர்கள். இரண்டு முட்டை சேருங்கள். நாளுக்கு 100 கிராம் அளவில் புரதம் போதும். மீன், கோழி, பருப்பு, தயிர் என்று சாப்பிட்டாலே கிடைத்துவிடும், பவுடர் தேவையில்லை.

நண்பரின் 80 கிலோவை எட்டிப்பிடிக்க அவசரப்பட்டுக் கம்பியில் எடை கூட்டாதீர்கள். வாரத்துக்கு ஒன்று, இரண்டு கிலோ போதும். முதுகுவலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ அன்றே பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.