வாசகர் கேள்வி – பதில்: சந்தா கட்டியவருக்குக் கறுப்புத் திரை

கேள்வி: எங்கள் வீட்டில் பழைய புரொஜெக்டர் ஒன்று இருக்கிறது. சந்தா கட்டியுள்ள ஓடிடி தளத்தில் ஒரு படத்தை மடிக்கணினி வழியாக அதில் போட்டால் வசனம் மட்டும் கேட்கிறது; திரை கறுப்பாகவே இருக்கிறது. கேபிளை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. அதே படத்தைத் திருட்டுத்தனமாக இறக்கி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பையன் எந்தத் திரையிலும் தடையின்றிப் பார்க்கிறான். காசு கொடுத்த எனக்கு ஏன் இந்தத் தண்டனை?
– பள்ளி ஆசிரியை, கும்பகோணம்

பதில்: உங்கள் கேபிளிலும் மடிக்கணினியிலும் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. கேபிள் வழியே செல்லும் படத்தை யாரும் இடையில் பதிவு செய்துவிடக் கூடாது என்பதற்காக இன்டெல் நிறுவனம் உருவாக்கிய எச்டிசிபி என்ற பாதுகாப்பு முறையே பெரும்பாலும் இதற்குக் காரணமாக இருக்கும். மடிக்கணினியும் புரொஜெக்டரும் தங்களிடம் உள்ள ரகசியச் சாவிகளைக் கொண்டு ஒன்றையொன்று முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எதிர்முனையிலிருந்து சரியான விடை வராவிட்டால் படம் அனுப்பப்படாது. பழைய புரொஜெக்டர்கள் பலவற்றிலும், எச்டிஎம்ஐ இணைப்பைப் பழைய வகை விஜிஏ இணைப்பாக மாற்றும் கன்வெர்ட்டர்களிலும் அந்தச் சாவியே கிடையாது. ஆகவே நேற்று வரை நன்றாக ஓடிய உங்கள் கருவி, இந்த ஏற்பாட்டின் பார்வையில் சந்தேகத்துக்குரிய கருவியாகிவிடுகிறது.

இந்தப் பூட்டு திருடர்களைத் தடுத்ததா என்றால், இல்லை. அப்போது புழக்கத்தில் இருந்த எச்டிசிபி பதிப்பின் தலைமைச் சாவி 2010 செப்டம்பரில் இணையத்தில் வெளியானது. அது உண்மையான சாவிதான் என்று இன்டெல்லும் ஒப்புக்கொண்டது. அடுத்து வந்த பதிப்புகள் இன்னும் வலுவானவை. ஆனாலும் ஓடிடியில் ஒரு படம் வெளியான சில மணி நேரத்திலேயே அதன் தெளிவான திருட்டுப் பிரதி கிடைத்துவிடுகிறது என்பது நாம் எல்லோரும் அறிந்ததுதான். உலகத்தில் எங்கோ ஒரே ஒருவர் பூட்டை உடைத்தால் போதும். அதற்குப் பிறகு பரவும் பிரதியில் பூட்டு என்பதே இருப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் எதையும் உடைக்கவில்லை, உடைக்க வேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை. அந்தப் பூட்டோடு அன்றாடம் மல்லுக்கட்டுவது சந்தா கட்டியவர் மட்டுமே.

கைபேசியிலும் இதே கதைதான். கூகுளின் வைட்வைன் என்ற பாதுகாப்பு முறையில் எல்1, எல்3 என்று நிலைகள் உள்ளன. கருவியின் வன்பொருளுக்குள்ளேயே பாதுகாப்பான தனிப் பகுதியில் படம் கையாளப்பட்டால் எல்1. வெறும் மென்பொருளால் கையாளப்பட்டால் எல்3. எல்3 நிலையில் உள்ள கைபேசிக்குப் பல தளங்கள் சாதாரணத் தரத்தில், ஏறத்தாழ 480பி அளவில் மட்டுமே படத்தை அனுப்புகின்றன. உயர்தரப் படத்துக்கான கட்டணத்தை முழுமையாகச் செலுத்தியவரும், தம் கைபேசிக்கு எல்1 சான்று இல்லை என்ற ஒரே காரணத்தால் மங்கலான படத்தைப் பார்த்துவிட்டு, இணைய வேகம் போதவில்லை போலும் என்று தம்மையே நொந்துகொள்கிறார். சந்தா கட்டும் பக்கத்தில் இந்த நிபந்தனை கண்ணில் படும்படி அச்சிடப்படுவதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே கோபமூட்டுகிறது.

பூட்டு இல்லாவிட்டால் வியாபாரமே அழிந்துவிடும் என்று சொல்வோர், பாட்டு விற்பனையில் நடந்ததைப் பார்க்க வேண்டும். ஆப்பிள் நிறுவனம் 2009இல் ஐட்யூன்ஸ் கடையில் விற்ற பாடல்களிலிருந்து நகல் தடுப்புப் பூட்டை நீக்கியது. அதனால் அந்தக் கடை மூடப்பட்டுவிடவில்லை. திரைப்படத்தின் முதலீடு பெரியது, அதன் வருவாய்க்காலம் குறுகியது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெளியான முதல் வாரத்துக்குத் தேவைப்படும் பாதுகாப்பை, பத்தாண்டுப் பழைய படத்தின் மீதும் அதே கடுமையோடு சுமத்துவதற்கு அந்த வாதம் இடம் தராது.

உங்கள் புரொஜெக்டருக்கு நேர்வழியில் செய்யக்கூடியது அதிகமில்லை. இடையில் கன்வெர்ட்டர் இருந்தால் அதை நீக்கிவிட்டு எச்டிஎம்ஐ கேபிளை நேரடியாகச் செருகிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால், இந்தக் கட்டுப்பாடு முன்கூட்டியே தெரிவிக்கப்படவில்லை என்பதைக் குறிப்பிட்டுத் தளத்துக்கு எழுதிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து என் தம்பி வாங்கி வந்த அசல் டிவிடிகள் இங்குள்ள பிளேயரில் ஓடவில்லை. பிளேயரைக் கடையில் கொடுத்து எல்லா நாட்டு டிவிடியும் ஓடும்படி மாற்றினால் சட்டப்படி குற்றமாகுமா?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், திருச்சி

பதில்: டிவிடி விற்பனைக்காக உலகத்தைப் பல மண்டலங்களாகப் பிரித்தார்கள். அமெரிக்கா 1ஆம் மண்டலம். இந்தியா 5ஆம் மண்டலம். ஒரு மண்டலத்துக்கான டிவிடி வேறு மண்டலத்துக்கான பிளேயரில் ஓடாது. ஒவ்வொரு நாட்டிலும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு விலையில் விற்பதற்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு, திருட்டைத் தடுப்பதற்கானது அன்று. கணினியில் உள்ள டிவிடி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம். ஐந்தாவது முறை எதைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதிலேயே அது நிலைத்துவிடும்.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் அமெரிக்கச் சட்டத்தைவிட நிதானமானது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைப்பவருக்கே இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத ஒரு நோக்கத்துக்காகச் செய்வதை அப்பிரிவு தடுக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய அசல் டிவிடியை வீட்டில் பார்ப்பது மீறல் ஆகாது என்பதே என் புரிதல். பிறர் பாதுகாப்பை நீக்க உதவுபவர், உதவி பெற்றவரின் பெயர், முகவரி உள்ளிட்ட விவரங்களைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. ஆகவே கடைக்காரர் அவற்றைக் கேட்டால் தவறாக எண்ண வேண்டாம். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டமோ, நோக்கம் எதுவாயினும் பூட்டை உடைப்பதையே பொதுவாகத் தடை செய்துவிட்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை விதிவிலக்குகளை வழங்குகிறது.

நார்வேயில் ஜான் லெக் யோஹான்சன் என்ற இளைஞர் மீது, டிவிடியின் பூட்டை அவிழ்க்கும் நிரலை 1999இல் வெளியிட்டதற்காக வழக்குத் தொடரப்பட்டது. தான் வாங்கிய டிவிடிகளை லினக்ஸ் என்ற இயங்குதளம் உள்ள கணினியில் பார்ப்பதற்கே அதைப் பயன்படுத்தியதாக அவர் வாதாடினார். 2003 ஜனவரியில் அவர் விடுதலை செய்யப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பே உறுதியானது.

கேள்வி: நான் சந்தா கட்டியிருக்கும் படம்தானே? அதையே திருட்டுத் தளத்தில் இறக்கிப் பார்த்தால் யாருக்கு நஷ்டம்?
– பொறியியல் மாணவர், கோவை

பதில்: நஷ்டம் இருக்கிறது, தம்பி. அந்தத் தளம் உங்கள் வருகையைக் காட்டி விளம்பர வருவாய் ஈட்டுகிறது. அந்த வருவாய்தான் அடுத்த படத்தையும் திருட வைக்கிறது. முதலீட்டாளருக்குப் பணம் திரும்பவில்லையென்றால் முதலில் சம்பளம் நிலுவையாவது உதவி இயக்குநருக்கும் லைட்மேனுக்கும்தான். திருட்டைத் தடுக்கக் கூடாது என்று நான் எங்கும் சொல்லவில்லை. கை வைக்க வேண்டிய இடம் வேறு என்கிறேன். தமிழ்நாட்டில் திருட்டு விசிடிக்காரர்கள் மீது குண்டர் சட்டமே பாயும்படி 2004இல் திருத்தம் வந்தது. 2023ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தம், திரையரங்கில் படத்தைப் பதிவு செய்பவருக்குக் குறைந்தது மூன்று மாதச் சிறையும் மூன்று லட்ச ரூபாய் அபராதமும் விதிக்கிறது. குற்றம் செய்தவரைத் தேடிச் செல்லும் சட்டங்கள் இவை.

குறி தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் ஊரிலேயே சான்று உண்டு. '3' என்ற தமிழ்ப் படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த தடை உத்தரவைக் காட்டி, 2012 மே மாதத்தில் இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ போன்ற காணொளித் தளங்களை முழுவதுமாகவே முடக்கின. தங்கள் சொந்தக் குறும்படங்களை அங்கே ஏற்றி வைத்திருந்த இளைஞர்களுக்கும் கதவு அடைக்கப்பட்டது. குறிப்பிட்ட இணைய முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் அடுத்த மாதம் தெளிவுபடுத்திய பிறகே நிலைமை சீரானது.

கேள்வி: ஓடிடியில் 'வாங்கு' என்ற பட்டனை அழுத்திப் பணம் கட்டிய படம் என்றும் என்னுடையதுதானா?
– இல்லத்தரசி, மதுரை

பதில்: பெரும்பாலும் இல்லை. நீங்கள் பெறுவது பார்ப்பதற்கான உரிமம். அந்தத் தளத்துக்கும் படத்தின் உரிமையாளருக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிந்தால் படம் மறையலாம். பிளேஸ்டேஷனில் வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் பயனர்களின் கணக்கிலிருந்து நீக்கப்படும் என்று சோனி 2023 டிசம்பரில் அறிவித்தது. உரிமம் நீட்டிக்கப்பட்ட பிறகே அம்முடிவு கைவிடப்பட்டது. விற்பது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் இப்படிப்பட்ட பட்டனை வைக்கக் கூடாது என்ற சட்டம் கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. அத்தகைய விதி இங்கும் வர வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறைக்கு எழுதுங்கள், நானும் எழுதுகிறேன். அதுவரை, பிள்ளைகளுக்காகப் பத்திரப்படுத்த விரும்பும் படம் டிவிடியாகவோ புளூ-ரேயாகவோ கிடைத்தால் அதையே வாங்கி வையுங்கள்.