தனியார் துப்பறிவாளர் என்னைக் கண்காணிக்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே முகத்தை இருமுறை பார்ப்பது தற்செயலாக இருக்கலாம். தொடர்பே இல்லாத மூன்று இடங்களில், வெவ்வேறு நேரங்களில் பார்த்தால் கவனியுங்கள். சட்டையும் தொப்பியும் நொடியில் மாறும். நடையும் காலணியும் அவ்வளவு எளிதில் மாறாது. வீட்டு வாசல் தெரியும்படி நெடுநேரம் நிற்கும் வண்டியில், ஓட்டுநர் இருக்கையை விட்டுப் பின்னிருக்கையில் ஆள் இருப்பது வலுவான அறிகுறி.

வண்டியில் செல்லும்போது சந்தேகமா? தொடர்ந்து நான்கு முறை ஒரே பக்கம் திரும்புங்கள். கிளம்பிய தெருவுக்கே வருவீர்கள். வேலையாகப் போகிறவர் அப்படிச் சுற்றமாட்டார்; அப்போதும் அதே வண்டி பின்னால் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் இருவர், மூவர் வண்டி மாற்றித் தொடர்ந்தால் இச்சோதனை பலிக்காது.

பம்பரின் உட்புறம், சக்கர வளைவு, ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள ஓபிடி துளை (பழுது கண்டறியும் கருவியைச் செருகும் இடம்) ஆகியவற்றில் ஜிபிஎஸ் கருவி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கிடைத்தால் பிடுங்காமல் படமெடுத்துக் காவல்துறையிடம் செல்லுங்கள். பின்தொடர்பவர் துப்பறிவாளர்தான் என்று உறுதியில்லை. நேரில் மோதாதீர்கள், வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துவையுங்கள்.