சர்க்கரை நோய் வந்தால் நாக்கின் ருசி மாறுமா? மாமியாருக்கு எதிலும் உப்பு போதவில்லை

கேட்டிருப்பவர் தேவகோட்டையில் இருக்கும் ஒரு மருமகள். மாமியாருக்குப் பத்து வருடத்துக்கு மேலாகச் சர்க்கரை. சில மாதங்களாக எந்தக் குழம்பிலும் உப்பில்லை, காப்பியில் இனிப்பில்லை, வாயெல்லாம் ஒரு மாதிரி கசக்கிறது என்கிறாராம். வயசா, சர்க்கரையா, இல்லை என் கைப்பக்குவத்தில்தான் குறையா என்பது கேள்வி.

வீட்டில் மற்ற எல்லோருக்கும் உப்பு சரியாக இருந்து அவர் ஒருவருக்கு மட்டும் போதவில்லை என்றால், உங்கள் அடுப்படியில் குறை இல்லை. அவர் வேண்டுமென்று குறை சொல்லவும் இல்லை. சர்க்கரை நோய் ருசியை மாற்றும். அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தெரிகிறது.

காரைக்குடிப் பக்கம் கல்யாணச் சமையல் எங்கள் குடும்பத் தொழில், அதனால் இதை நான் மிகப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எத்தனை அண்டா இறங்கினாலும் கடைசியில் உப்பு பார்ப்பது அப்பாதான். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தால் போதும், கூடக் குறையச் சொல்லிவிடுவார். அவர் கையில் மெல்ல மெல்ல உப்பு ஏற ஆரம்பித்தது. பந்தியில் தண்ணீர் கேட்பவர்கள் கூடினார்கள். பல வருடமாக எங்களை அழைக்கும் ஓர் ஆச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அப்பா கை மாறிப் போச்சேப்பா, உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கேட்டார்.

அதே நாட்களில், முன்னோருக்குப் படையல் போடும் ஒரு படைப்பு வீட்டிலும் அப்பாதான் சமைத்தார். அங்கே எல்லாம் பழையபடி அருமையாக இருந்தது. படைப்பதற்கு முன் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பதால் கை அளவையும் வாசனையையும் நம்பி மட்டுமே சமைப்பார். அதாவது கை சரியாகத்தான் இருந்தது, நாக்குதான் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் டாக்டரிடம் அழைத்துப்போனோம்.

நாக்கில் என்ன நடக்கிறது என்று அப்போது நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ருசி தெரிய முதலில் எச்சில் வேண்டும். உப்போ புளியோ எச்சிலில் கரைந்தால்தான் சுவை அரும்புகளுக்குப் போய்ச் சேரும். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் சிறுநீர் அதிகம் போகும், உடம்பில் நீர் வற்றும், வாய் காயும். காய்ந்த வாய்க்கு எதுவுமே சப்பென்றுதான் இருக்கும். போதாததற்கு எச்சிலிலும் சர்க்கரை கூடுவதால் பூஞ்சை வளர வசதியாகிவிடும். நாக்கில் வெள்ளையாகப் படிவது, காரம் பட்டால் எரிவது எல்லாம் அதனால் இருக்கலாம். அடுத்து ஈறு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும், கெட்ட ஈறு சர்க்கரையை இன்னும் ஏற்றும். ஈற்றில் சீழோ ரத்தமோ கசிந்துகொண்டிருந்தால் வாய் கசக்காமல் என்ன செய்யும்?

இவையெல்லாம் வாயோடு போகிறவை, சரி செய்யவும் முடியும். நரம்பு விஷயம் அப்படி அல்ல. நாக்கிலிருந்து மூளைக்குச் சுவையைக் கொண்டுபோகும் நரம்புகளையும், அவற்றுக்கு ரத்தம் கொடுக்கும் மெல்லிய குழாய்களையும் பல வருடச் சர்க்கரை அரித்துவிடும். சர்க்கரை உள்ளவர்களில் பலருக்கு இனிப்பை உணரவே கூடுதல் அளவு தேவைப்படுகிறது என்று ஆய்வுகளில் வந்திருக்கிறது. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். இனிப்பு தெரியாததால் இன்னொரு கரண்டி போடுகிறார்கள், அதனால் சர்க்கரை ஏறுகிறது, நாக்கு இன்னும் மங்குகிறது. உப்பிலும் இதே கதைதான், அங்கே ரத்த அழுத்தம் வந்து சேரும்.

மாத்திரைகளையும் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் சிலருக்கு வாயில் இரும்பை நக்கியதுபோல ஒரு சுவையைத் தரும். அதைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி12 சத்து குறையலாம். அது குறைந்தால் நாக்கு வழுவழுப்பாகிப் புண்ணாகும், கால் மதமதக்கும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் எனலாப்ரில் வகை மாத்திரைகளும் சிலருக்கு ருசியை மாற்றுவதுண்டு. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றுவார், அல்லது வேறு மருந்து தருவார். துத்தநாகச் சத்து குறைந்தாலும் ருசி போகும், அதற்காகக் கடையில் நாமாகவே மாத்திரை வாங்கித் தருவதும் சரியல்ல. வயதும் தன் பங்குக்குக் கொஞ்சம் மங்கச் செய்யும், மறுப்பதற்கில்லை. ஆனால் சில மாதங்களில் இப்படி மாறியதற்கு வயது மட்டும் காரணமாக இருக்காது.

அப்பாவுக்கு ஹெச்பிஏ1சி 10-க்கு மேல் இருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை அது. பெரும்பாலானவர்களுக்கு 7-க்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். பி12 குறைவு, ஈறு மோசம், வாய் வறட்சி. ஈற்றைச் சுத்தம் செய்து, மருந்தைச் சரி செய்து, சர்க்கரை இறங்க இறங்க, சில மாதங்களில் உப்பும் புளிப்பும் நன்றாகவே திரும்பின. சுவை அரும்பில் இருக்கும் செல்கள் ஏறத்தாழ பத்து நாளுக்கொரு முறை புதிதாக முளைப்பவை, அதனால் வாயைச் சரி செய்தால் பலன் தெரியும். இனிப்பு மட்டும் அவருக்கு இன்றும் மங்கல்தான். இப்போது உப்பை அளந்து போடுகிறார், ருசி பார்ப்பது நான்.

நாக்கு மங்கியிருக்கிறது என்றால் உடம்பின் மற்ற இடங்களையும் உடனே பார்க்க வேண்டும். நாக்கின் நரம்பைக் கெடுப்பதுதான் பாதத்தின் நரம்பையும், கண்ணின் விழித்திரையையும், சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. அவை வலிக்காமல் கெடும். மாரடைப்பே நெஞ்சுவலி இல்லாமல் வந்துபோகும் ஆட்கள் உண்டு. நம் ஊரில் இன்னொரு சங்கடம், தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு வெறுங்காலோடு நடப்பவர்களில் சர்க்கரைக்காரர்களும் இருக்கிறார்கள். உணர்ச்சி போன காலில் முள் குத்தினாலும் தெரியாது, தார் ரோட்டில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. முருகனை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நடப்பதற்கு முன் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்க்கும் சோதனையைச் செய்துகொள்ளுங்கள், உணர்ச்சி இல்லையென்றால் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. உங்கள் மாமியார் யாத்திரை போகாவிட்டாலும் வெயிலேறிய வளவு (உள்முற்றம்) கல்லில் வெறுங்காலோடு நிற்க விடாதீர்கள்.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியப் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை, தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். நூறு பேர் உட்காரும் பந்தியில் பதினான்கு இலை. அதைப் படித்த நாளிலிருந்து நான் உப்பு போடும் விதத்தையே மாற்றிவிட்டேன்.

சமையலுக்கு வருகிறேன், இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வாசனை. செட்டிநாட்டுச் சமையலே வாசனையில் நிற்பதுதான். சோம்பு, கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு இவற்றைக் குறைந்த எண்ணெயில் பொரியவிட்டுத் தாளியுங்கள். மிளகைப் பொடியாக வைக்காமல் அப்போதைக்கப்போது நுணுக்கிப் போடுங்கள். உப்பு போதவில்லை என்று அவர் சொல்லும்போது உப்புக் கிண்ணத்தை எடுக்காமல், அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து கொடுத்துப் பாருங்கள். நான் பார்த்தவரை புளிப்பு உப்பின் குறையை நன்றாக மறைக்கும். வெண்டைக்காய் மண்டி இதற்கு ரொம்பத் தோதானது. அரிசி கழுவிய தண்ணீரும் புளியும் இருப்பதால் குறைந்த உப்பிலேயே சுள்ளென்று இருக்கும். நாக்கில் எரிச்சலோ புண்ணோ இருந்தால் மட்டும் காரத்தையும் புளிப்பையும் ஆறும்வரை தள்ளி வையுங்கள். குழம்பைச் சூடாகப் பரிமாறுங்கள், ஆறினால் வாசனை அடங்கிவிடும்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, ஒரு சின்ன ஸ்பூன்தான். ஊறுகாய், அப்பளம், வத்தல், உப்புக்கண்டம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ஆபத்து.

இனிப்பில், கருப்பட்டி போட்டால் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. கந்தரப்பத்தில் வெல்லம், கும்மாயத்தில் கருப்பட்டி, எதுவானாலும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் சேரும். கவுனி அரிசி தவிட்டோடு இருப்பதால் வெள்ளை அரிசியைவிட நல்லது, ஆனால் சீனியும் தேங்காயும் சேர்த்துக் கிளறியபின் அது இனிப்புப் பலகாரம்தான். பிள்ளையார் நோன்புக்கு எடுக்கும் இழை மாவும் இனிப்புதான், ஆனால் ஒரு வாய், அதைத் தடுத்து ஒரு பெரிய மனுசியை நோகடிக்க வேண்டாம். அன்றைக்கு இரவு வரை பட்டினி கிடப்பதுதான் கவனிக்க வேண்டியது. இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடலாம். வேர்வை, நடுக்கம், தடுமாற்றம் தெரிந்தால் விரதத்தைப் பார்க்காமல் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.

இந்த வாரமே அழைத்துப் போங்கள். பி.பி. மாத்திரை, ஆஸ்பிரின் உட்பட அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஹெச்பிஏ1சி, பி12, சிறுநீரகத்தைப் பார்க்கும் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின், விழித்திரைப் பரிசோதனை இவை சமீபத்தில் செய்யப்படவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருபவரிடம் மாத்திரை வாங்குகிறீர்கள் என்றால் அவரிடமும் ருசி மாறியதைச் சொல்லுங்கள். கசப்போடு குமட்டல், கறி மீனைக் கண்டாலே வெறுப்பு, கால் முகம் வீக்கம் இருந்தால் அது சிறுநீரகமாக இருக்கலாம், வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே போங்கள். அப்புறம் பல் டாக்டர். அவரிடம் சர்க்கரை இருப்பதையும், ஆஸ்பிரின் சாப்பிட்டால் அதையும் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள்.