விண்ணிலும் தரையிலும் உள்ள சென்சார்களை இணைக்கும் வேலை: கேள்வி பதில்

பாதுகாப்புத் துறைக்காக செயற்கைக்கோள் சென்சார்களையும் தரை ரேடார்களையும் ஒரே அமைப்பாக இணைக்கும் சிஸ்டம்ஸ் இன்ஜினியர் வேலை பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். ரகசியமான எதையும் தொட மாட்டேன். வெளியே பதிவாகியிருப்பவற்றை வைத்தே நிறையப் பேசலாம்.

இறுதியாண்டு மாணவி: சார், இந்த வேலையில் இருப்பவர் தினமும் என்ன செய்வார்? ரேடார் வடிவமைப்பாரா, கோடு எழுதுவாரா?

இரண்டும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும், ஆனால் வேலை அவற்றுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு ஏவுகணை கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் எரியும் சில நிமிடங்களுக்கு அதன் வெப்பத்தை அகச்சிவப்புச் செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கும். எஞ்சின் அணைந்தால் அந்தப் பிழம்பும் போய்விடும். அப்புறம் ஏவுகணை அடிவானத்துக்கு மேல் வரும்போதுதான் தரை ரேடார் பிடிக்க முடியும். ஒரு செயற்கைக்கோள் தனியாகத் திசையை மட்டும் சொல்லும், தூரம் சொல்லாது. ரேடார் தூரத்தை நன்றாகச் சொல்லும், திசையில் அந்தத் துல்லியம் இருக்காது. இரண்டையும் கட்டியவர்கள் வேறு வேறு குழுக்கள். இரண்டும் ஒரே பொருளைத்தான் பார்க்கின்றனவா, முதல் தகவலை வைத்து ரேடார் எங்கே தேட வேண்டும், அதற்கு எத்தனை நொடி மிச்சம் இருக்கிறது என்பதையெல்லாம் தீர்மானித்து, சோதித்து, எழுத்தில் வைப்பது எங்கள் பொறுப்பு. நாளின் பெரும்பகுதி இன்டர்ஃபேஸ் ஆவணங்களிலும் (ஓர் அமைப்பு இன்னொன்றுக்கு எதை, எப்படி அனுப்ப வேண்டும் என்று எழுதி வைப்பவை) சோதனைத் தரவுகளிலும் போகும்.

மென்பொருள் துறையிலிருந்து ஒருவர்: ஒரு பொதுவான மெசேஜ் ஃபார்மேட் முடிவு செய்துவிட்டால் வேலை முடிந்ததுதானே?

ஃபார்மேட் சுலபமான பகுதி. அதற்குள் இருக்கும் எண்ணுக்கு என்ன பொருள் என்பதில்தான் சிக்கல் வரும்.

நேரத்தையே எடுங்கள். மெசேஜில் இருக்கும் நேரம் சென்சார் பார்த்த கணமா, கணக்கு முடிந்த கணமா, மெசேஜ் அனுப்பிய கணமா? செயற்கைக்கோள் பூமியின் ஒரே இடத்துக்கு மேல் நிற்பதுபோலத் தெரியும் புவிநிலைச் சுற்றுப்பாதை 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. சிக்னல் கீழே வரவே 0.12 நொடி ஆகும். தாழ்வான சுற்றுப்பாதையில் ஒரு பொருள் நொடிக்கு ஏறத்தாழ 7.5 கி.மீ. போகிறது. அப்படியானால் 0.1 நொடிக் குழப்பம் 750 மீட்டர். யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில், பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக அவ்வப்போது ஒரு லீப் நொடி சேர்ப்பார்கள். ஜிபிஎஸ் நேரம் அவற்றைச் சேர்ப்பதில்லை, அதனால் 2017 முதல் யுடிசியைவிட 18 நொடி முன்னே ஓடுகிறது. ஒரு பக்கம் ஜிபிஎஸ் நேரத்தையும் மறுபக்கம் யுடிசியையும் எழுதி, யாரும் கவனிக்காமல் விட்டால் 135 கி.மீ. பிழை வரும்.

இதில் உயிர்கள் போயிருக்கின்றன. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில், பேட்ரியாட் என்ற அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்கப் படையினர் இறந்தனர். அதன் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு நொடிகளாக எண்ணியது, அந்த எண்ணை 24 பிட்டுகளில் முழுமையாக எழுத முடியாது. சுமார் 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் அந்தச் சின்னப் பிழை சேர்ந்து சேர்ந்து 0.34 நொடி ஆனது. அரை கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி ரேடார் தேடியது. திருத்திய மென்பொருள் மறுநாள்தான் அங்கே வந்து சேர்ந்தது. இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் இந்த விசாரணை அறிக்கையைப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

ஆயத்தொலைவுகளும் அப்படித்தான். ஒருவர் 2000ஆம் ஆண்டின் பூமி அச்சை வைத்துக் கணக்கிடுவார், இன்னொருவர் இன்றைய அச்சை வைத்து. அச்சு மெல்ல நகர்வதால் இரண்டுக்கும் இடையே இப்போதே மூன்றில் ஒரு பாகைக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது.

தொலைநோக்கியில் ஆர்வமுள்ளவர்: விண்ணைக் கண்காணிக்க ரேடார் மட்டும் போதாதா?

தாழ்வான சுற்றுப்பாதைக்கு ரேடார்தான் முதன்மை. பசிபிக் பெருங்கடலின் குவாஜலைன் தீவில் 2020இல் செயல்பாட்டுக்கு வந்த ஸ்பேஸ் ஃபென்ஸ் என்ற அமெரிக்க ரேடார் ஓர் உதாரணம். ஆனால் ரேடார் எதிரொலி தூரத்தின் நான்காம் அடுக்கில் குறையும். 1,000 கி.மீ.யில் இருக்கும் அதே பொருள் 36,000 கி.மீ.யில் இருந்தால் எதிரொலி ஏறத்தாழ 17 லட்சம் மடங்கு பலவீனமாகிவிடும். அங்கே தொலைநோக்கி இல்லாமல் முடியாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: தவறான எச்சரிக்கையால் போர் மூண்டுவிடுமோ என்ற பயம் எனக்கு உண்டு. அது நியாயமா?

நியாயமான பயம்தான், ஐயா. 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் எச்சரிக்கைச் செயற்கைக்கோள் அமைப்பு, அமெரிக்க ஏவுகணைகள் கிளம்பிவிட்டன என்றது. மேக உச்சிகளில் பட்ட சூரிய ஒளிதான் காரணம். பணியில் இருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் அதைப் பொய்யான எச்சரிக்கை என்று முடிவு செய்தார். தரை ரேடார்களிலும் எதுவும் தெரியவில்லை. அதற்கு முன், 1960இல் கிரீன்லாந்தின் தூலே ரேடார் உதித்து வந்த நிலாவையே ஏவுகணைத் தாக்குதலாகக் காட்டியது.

சூரிய ஒளி ரேடாரை ஏமாற்றாது. நிலாவின் எதிரொலி அகச்சிவப்பு சென்சாரை ஏமாற்றாது. இரண்டையும் சேர்த்து வைப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியாது. இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. செயற்கைக்கோள் காட்டிய இடத்தில் ரேடாரைத் தேடச் சொல்லும்போது, கிடைத்துவிட வேண்டும் என்று கண்டறியும் வரம்பை (எவ்வளவு வலுவான எதிரொலியைப் பொருள் என்று ஏற்பது என்பதை) அதிகம் தளர்த்தினால், வெறும் இரைச்சலும் "உறுதியானது" என்று திரையில் வந்துவிடும். முடிவெடுப்பவர் இரண்டு சாட்சிகள் என்று நினைப்பார், உண்மையில் இருப்பது ஒன்றுதான். இதை வடிவமைப்பிலேயே தடுக்க வேண்டும். கூட்டத்தில் எவ்வளவு நேரமானாலும் நான் விட்டுக்கொடுக்காத இடம் இது.

வேலை தேடும் இளைஞர்: அண்ணா, கால்மன் ஃபில்டர் கட்டாயம் தெரிய வேண்டுமா?

தெரிய வேண்டும். பிழையுள்ள அளவீடுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, பொருளின் இடத்தையும் வேகத்தையும் மதிப்பிடும் முறை அது. 1960இல் வந்தது, இன்றும் டிராக்கிங்கின் அடித்தளம் அதுதான். ஆனால் சமன்பாட்டோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு சென்சாரும் தன் பிழை எவ்வளவு என்று சொல்கிறதே, அந்தக் கோவேரியன்ஸ் உண்மையா என்று சோதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 2009 பிப்ரவரி 10 அன்று இரிடியம் 33, காஸ்மாஸ் 2251 என்ற இரு செயற்கைக்கோள்கள் சைபீரியாவுக்கு மேல் மோதின. பொதுவில் கிடைத்த கணிப்பு, அவை சில நூறு மீட்டர் இடைவெளியில் கடந்துவிடும் என்றிருந்தது. அந்த வகைத் தரவின் பிழையே கிலோமீட்டர் கணக்கில் இருக்கும்.

அதே இளைஞர்: சரி, எதிலிருந்து தொடங்குவது?

செலஸ்ட்ராக் தளத்தில் சுற்றுப்பாதைத் தரவு இலவசம். ஒரு செயற்கைக்கோள் உங்கள் வானத்தை எப்போது கடக்கும் என்று நீங்களே நிரல் எழுதிக் கணக்கிடுங்கள். நேரம் சரியாகப் பதியும் கேமராவில் அதைப் படம் பிடித்து, விண்மீன்களை வைத்து அதன் இடத்தை அளந்து, கணக்கோடு ஒப்பிடுங்கள். நிச்சயம் பொருந்தாது. எந்தப் பகுதி கடிகாரத்தின் பிழை, எது ஆயத்தொலைவுச் சட்டகத்தின் பிழை, எது தரவு பழசானதால் வந்தது என்று பிரித்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள். நேர்காணலுக்கு அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்தால், நான் முதலில் அதைப் பற்றித்தான் கேட்பேன்.