சாவி யார் கையில்? பிட்காயின் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்

போன ஞாயிற்றுக்கிழமை மடிப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் பிட்காயின் என்ற இணையப் பணம் பற்றிப் பேசினேன். பதினைந்து பேர் வந்தால் அதிகம் என்று நினைத்து ஒரே ஒரு ஜமக்காளம்தான் விரித்தோம். அறுபது பேர் வந்துவிட்டார்கள். எழுதிக் கொடுத்த கேள்விகளில் பாதிக்குக்கூட அன்று பதில் சொல்ல முடியவில்லை. அவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் இருபத்தேழு வருடம் வங்கியில் செக் கிளியரிங் பிரிவில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகு வீட்டிலேயே ஒரு பிட்காயின் நோடு ஓட்டுகிறேன். கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் என்னை விடவில்லை.

"மேடம், ஓனர் இல்லாத ஒரு பொருள் உலகத்தில் உண்டா? யாரோ ஒருத்தர் பின்னால் இருந்துதானே நடத்த வேண்டும்?" (அம்பத்தூர், லேத் பட்டறை வைத்திருப்பவர்)

நியாயமான சந்தேகம். வங்கியில் ஒரு செக் வந்தால், அது செல்லுமா செல்லாதா என்று முடிவு செய்ய ஒரு அதிகாரி இருப்பார். அவருக்கு மேல் ஒருவர், அவருக்கும் மேல் ரிசர்வ் வங்கி. பிட்காயினில் அந்த அதிகாரியின் வேலையை நோடு செய்கிறது. நோடு என்றால் பெரிய விஷயமில்லை, சாதாரணக் கணினியில் ஓடும் ஒரு மென்பொருள். 2009 ஜனவரி 3-ல் உருவான முதல் பிளாக்கிலிருந்து, அதாவது கணக்கின் முதல் பக்கத்திலிருந்து, இன்றுவரை நடந்த எல்லாப் பரிவர்த்தனையும் அதில் இருக்கும். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்களிடம் இதே கணக்கு நோட்டு இருக்கிறது. சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு புதுப் பக்கம் வரும். அதை மைனர்கள் என்பவர்கள் தங்கள் கணினி சக்தியைச் செலவழித்து உருவாக்குவார்கள், கூலியாகப் புதுக் காசு கிடைக்கும். அந்த வேலைக்குப் பெயர் மைனிங். வந்த பக்கத்தை ஒவ்வொரு நோடும் தானே சரிபார்க்கும். இல்லாத காசைச் செலவு செய்திருந்தாலும், ஒரே காசை இரண்டு முறை கொடுத்திருந்தாலும், கையெழுத்து தப்பாக இருந்தாலும் அந்தப் பக்கத்தை ஏற்காது. யாரிடமும் கேட்காது.

அதனால் "யார் நடத்துகிறார்கள்" என்ற கேள்வியை விட்டு, "தப்பான பக்கத்தை யார் வேண்டாம் என்று சொல்ல முடியும்" என்று கேளுங்கள். நோடு வைத்திருக்கும் எல்லோரும் சொல்லலாம். அதிகாரம் அந்த மறுப்பில்தான் இருக்கிறது.

"மென்பொருளை எழுதுகிறவர்கள் நினைத்தால் 2 கோடியே 10 லட்சம் என்ற உச்சவரம்பை மாற்றிவிட முடியாதா?" (வேளச்சேரி, ஐடி ஊழியர்)

எழுதலாம், தடையே இல்லை. பிட்காயின் கோர் என்ற அந்த மென்பொருளில் கடைசியாக மாற்றங்களைச் சேர்க்கும் உரிமை ஒரு கைப்பிடி ஆட்களிடம்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் வெளியிடுவதை நான் என் கணினியில் போட வேண்டுமே! தானாக அப்டேட் ஆகும் வசதியை அதில் வேண்டுமென்றே வைக்கவில்லை.

நம் தெரு கிரிக்கெட்டை நினைத்துப் பாருங்கள். பேட் யாருடையதோ அவன் சொன்னதுதான் ரூல். ஒன் பிட்ச் கேட்ச் அவுட்டா இல்லையா என்று அவன்தான் முடிவு செய்வான், இல்லையென்றால் பேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். பிட்காயினில் எல்லோர் கையிலும் ஒரு பேட் இருக்கிறது. கோபித்துக்கொண்டு போகிறவன் தன் பேட்டோடு போகலாம், ஆட்டம் நிற்காது.

இதற்கு 2017-ல் ஒரு பெரிய சோதனை வந்தது. அதிகப் பரிவர்த்தனை பிடிக்கும்படி பிளாக்கின் அளவைப் பெரிதாக்கலாமா வேண்டாமா என்று இரண்டு வருடத்துக்கும் மேலாகச் சண்டை. அந்த மே மாதம், பெரிய நிறுவனங்களும் மைனர்களும் நியூயார்க்கில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். பரிவர்த்தனையின் கையெழுத்தைத் தனியாகப் பிரித்து வைக்கும் செக்விட் என்ற மாற்றத்தை ஏற்கிறோம், கூடவே சில மாதத்தில் பிளாக் அளவை இரட்டிப்பாக்குவோம் என்றார்கள். மைனிங் சக்தியில் எண்பது சதவீதத்துக்கு மேல் அவர்கள் பக்கம் இருந்தது. பணம், ஆள்பலம், பெயர் எல்லாம் இருந்தது. இன்னொரு பக்கம் நோடு வைத்திருந்த சாதாரண ஆட்கள், "ஆகஸ்ட் 1 முதல் செக்விட்டை ஆதரிக்காத பிளாக்கை எங்கள் நோடு ஏற்காது" என்று அறிவித்தார்கள். மைனர்கள் யோசித்தார்கள். வாங்குகிறவர் ஏற்காத காசை உண்டாக்கி என்ன பயன்? ஆகஸ்ட் 24-ல் செக்விட் நடைமுறைக்கு வந்தது. இரட்டிப்புத் திட்டத்தை நவம்பர் 8-ல் அவர்களே கைவிட்டார்கள். பெரிய பிளாக் வேண்டும் என்றவர்களில் ஒரு பகுதியினர் அதற்கு முன்பே, ஆகஸ்ட் 1-ல், பிட்காயின் கேஷ் என்ற தனி நாணயத்தோடு பிரிந்து போயிருந்தார்கள்.

பிட்காயினை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

"பாதிக்கு மேல் மைனிங் ஒருவர் கையில் போய்விட்டால்?" (பெரம்பூர், கல்லூரி மாணவர்)

தம்பி, இதில் உண்மையான ஆபத்து இருக்கிறது, மறைக்க மாட்டேன். பாதிக்கு மேல் சக்தி உள்ளவர், தான் சமீபத்தில் செய்த பரிவர்த்தனையைப் பின்வாங்கி அதே காசை மறுபடி செலவு செய்ய முயலலாம். பிறருடைய பரிவர்த்தனையை உள்ளே விடாமல் தடுக்கலாம். ஆனால் உங்கள் காசை எடுக்க முடியாது, அதற்கு உங்கள் சாவி, அதாவது கையெழுத்திட உங்களிடம் மட்டும் இருக்கும் ரகசிய எண், வேண்டும். புதிதாகக் காசு அச்சடிக்கவும் முடியாது, அதை நோடு ஏற்காது.

2014-ல் ஜிஹாஷ் என்ற ஒரு பூல் பாதியைத் தொட்டது. பூல் என்பது பல மைனர்கள் சேர்ந்த கூட்டு, இயந்திரம் அவரவருடையது. பயந்துபோன மைனர்கள் வேறு பூலுக்கு மாறினார்கள், அதன் பங்கு இறங்கியது. இன்றும் மிகப் பெரிய இரண்டு பூல்களைக் கூட்டினால் பாதியை நெருங்கும் நாட்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. 2021-ல் சீனா மைனிங்கைத் தடை செய்தபோது மொத்த சக்தியில் சுமார் பாதி சில வாரங்களில் காணாமல் போனது. பிளாக் வருவது தாமதமானது. 2016 பிளாக்குக்கு ஒரு முறை, பிளாக் உருவாக்குவதன் கடினத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு உள்ளே இருப்பதால், பழைய வேகம் திரும்பிவிட்டது.

"எதீரியமும் இப்படித்தானா?" (போரூர்)

முழுக்க இல்லை. எதீரியம் என்பது பிட்காயின் போன்ற இன்னொரு வலையமைப்பு, அதன் காசுக்குப் பெயர் ஈதர். 2016 ஜூனில் 'தி டாவ்' என்ற கூட்டு முதலீட்டுத் திட்டத்திலிருந்து ஒருவர் சுமார் 36 லட்சம் ஈதரை வெளியே எடுத்தார். ஜூலை 20-ல் விதியை மாற்றி அந்தக் காசைத் திருப்பினார்கள். மறுத்தவர்கள் எதீரியம் கிளாசிக் என்று தனியாகப் போனார்கள். அங்கே நிறுவனர் கண்ணுக்குத் தெரிகிறார், அவர் பேச்சுக்கு எடை இருக்கிறது.

"சடோஷி நகமோட்டோ யார்? நீங்கள் யாரை நினைக்கிறீர்கள்?" (இந்தக் கேள்வி மட்டும் பதினோரு சீட்டில் இருந்தது)

பிட்காயினை உருவாக்கியவர் வைத்துக்கொண்ட பெயர் அது. முதலில் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். 2008 அக்டோபர் 31-ல் குறியாக்க ஆர்வலர்களுக்கு, பிட்காயினை விளக்கும் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை அனுப்பினார். 2009 ஜனவரி 3-ல் முதல் பிளாக். அதன் உள்ளே அன்றைய லண்டன் டைம்ஸ் நாளிதழின் தலைப்புச் செய்தியைப் பதித்தார். வங்கிகளுக்கு இரண்டாவது முறை நிதியுதவி தரும் நிலையில் பிரிட்டன் நிதியமைச்சர் இருக்கிறார் என்பதுதான் அந்தச் செய்தி. என் நோடு ஓடும் கணினியின் திரையில் அந்த முதல் பிளாக்கை எடுத்து, வெறும் எண்ணும் எழுத்துமாக இருந்ததை மாற்றிப் பார்த்தபோது அந்த வரி வந்தது. வங்கியிலேயே வாழ்ந்தவள் நான், மெய் சிலிர்த்துவிட்டது.

ஜனவரி 12-ல் குறியாக்க நிபுணர் ஹால் ஃபின்னிக்கு 10 பிட்காயின் அனுப்பினார், அதுதான் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய முதல் பிட்காயின். தன்னை ஜப்பானில் வாழ்பவர் என்று குறிப்பிட்டிருந்தார், ஆனால் எழுதியதெல்லாம் சுத்தமான ஆங்கிலம், அதுவும் பல இடங்களில் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல். 2010 டிசம்பரில், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் பிட்காயினில் நன்கொடை வாங்கலாம் என்ற பேச்சு வந்தபோது, இது இன்னும் குழந்தை, இந்தக் கவனத்தைத் தாங்காது என்று கவலைப்பட்டார். அந்த மாதம் 12-ஆம் தேதியோடு பொதுவெளியில் எழுதுவதை நிறுத்தினார். 2011 ஏப்ரலில் ஒரு டெவலப்பருக்கு, தான் வேறு வேலைகளுக்குப் போய்விட்டதாக மின்னஞ்சல் எழுதினார்.

அவர் யார் என்று நான் பெயர் சொல்ல மாட்டேன். காரணம் இருக்கிறது. 2014 மார்ச்சில் ஒரு அமெரிக்கப் பத்திரிகை, கலிஃபோர்னியாவில் டோரியன் நகமோட்டோ என்ற பெரியவரைச் சுட்டிக்காட்டியது. நிருபர்கள் அவர் காரைத் துரத்தினார்கள். அவர் மறுத்தார். ஹால் ஃபின்னியும் மறுத்தார், அந்த ஆகஸ்டிலேயே ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயால் இறந்தார். பலர் சந்தேகப்பட்ட கணினி அறிஞர் நிக் சாபோவும் மறுத்திருக்கிறார். 2024-ல் ஓர் ஆவணப்படம் பிட்காயின் டெவலப்பர் பீட்டர் டாட் பெயரைச் சொன்னது, அவரும் மறுத்தார். ஒருவரிடம் பல லட்சம் பிட்காயின் இருப்பதாக ஊருக்குச் சொல்வது அவர் வீட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

"அண்ணாநகரில் ஒரு கூட்டத்தில் கிரெய்க் ரைட்தான் சடோஷி என்றார்களே?"

இல்லை. தன்னைச் சடோஷி என்று சொல்லிக்கொண்ட ஆஸ்திரேலியக் கணினி நிபுணர் அவர். லண்டன் உயர் நீதிமன்றம் 2024 மார்ச் 14-ல் அவர் சடோஷி இல்லை என்று தீர்ப்பளித்தது. அவர் கொடுத்த ஆவணங்களில் ஏராளமானவை போலி என்றும் பிறகு வந்த விரிவான தீர்ப்பில் சொன்னது. அதற்கு எட்டு வருடம் முன்பே எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. 2016-ல் அவர் "ஆதாரம்" என்று வெளியிட்ட டிஜிட்டல் கையெழுத்து, 2009-ல் சடோஷி செய்த ஒரு பழைய பரிவர்த்தனையிலிருந்து எடுத்தது. பழைய செக்கிலிருந்து கையெழுத்தை வெட்டி புதுச் செக்கில் ஒட்டியதைப் போல! கிளியரிங்கில் இப்படிப்பட்டதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். உண்மையான சடோஷிக்கு நீதிமன்றமே தேவையில்லை. முதல் பிளாக்குகளின் சாவியால், இன்றைய தேதி போட்டு ஒரு வரி கையெழுத்திட்டால் போதும், என் நோடு இரண்டு நொடியில் சரிபார்த்துவிடும்.

"அவருடைய காசு என்ன ஆனது? திடீரென்று விற்றால்?" (தாம்பரம்)

ஆரம்ப கால பிளாக்குகளின் தடத்தை ஆராய்ந்து, கணினி ஆய்வாளர் செர்ஜியோ லெர்னர் 2013-ல் ஒரே ஆள் சுமார் 11 லட்சம் பிட்காயின் மைனிங் செய்திருக்கலாம் என்று காட்டினார். அதில் ஏறக்குறைய எதுவும் நகரவில்லை. விற்றால் விலை சரியும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அத்தனை காசு இருந்தாலும் விதியை மாற்ற ஒரு ஓட்டுகூடக் கிடைக்காது. இங்கே காசுக்கு ஓட்டு கிடையாது. முதல் பிளாக்கின் 50 பிட்காயினை அவரே நினைத்தாலும் செலவு செய்ய முடியாது, மென்பொருள் அப்படி அமைந்துவிட்டது.

ஒரு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2010 ஆகஸ்டில் ஒரு பிழையால் 18,400 கோடி பிட்காயின் ஒரே பிளாக்கில் உருவானது. சில மணி நேரத்தில் சடோஷி திருத்தம் வெளியிட்டார், எல்லோரும் போட்டுக்கொண்டார்கள், அந்த பிளாக் ஒதுக்கப்பட்டது. அன்றைக்கு அவர் சொன்னால் எல்லோரும் கேட்டார்கள். அவர் இருந்திருந்தால் 2017 சண்டையிலும் "சடோஷி ஐயா என்ன சொல்கிறார்" என்றுதான் கேட்டிருப்போம். அவர் செய்ததிலேயே பெரிய காரியம் விலகிப் போனதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

"அம்மா, என் மாமனார் வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்துக் கூட்டத்துக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டார். இதுவும் பிட்காயின் போல யாருக்கும் சொந்தமில்லாதது என்றார்களாம். நம்பலாமா?" (கோடம்பாக்கம், இல்லத்தரசி)

இதைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. அவரைத் திட்டாதீர்கள், நிதானமாக உட்கார வைத்து மூன்று கேள்வி கேளுங்கள். காசின் மொத்த எண்ணிக்கையை நாமே கணினியில் சரிபார்க்க முடியுமா? காசை அவர்கள் ஆப்பிலிருந்து வெளியே எடுத்து சாவி நம்மிடமே இருக்கும் சொந்த வாலட்டில் (டிஜிட்டல் பணப்பையில்) வைக்க முடியுமா? இன்னொருவரைச் சேர்த்துவிட்டால் கமிஷன் தருகிறார்களா? முதல் இரண்டுக்கு "முடியாது", மூன்றாவதுக்கு "ஆமாம்" என்றால் அது ஏலச்சீட்டை விட மோசமானது. சீட்டிலாவது பிடிக்கிறவர் வீடு தெரியும். மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம், ரசீது, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேசுங்கள். தாமதம் செய்யாதீர்கள்.

"இந்திய அரசு நினைத்தால் நிறுத்த முடியாதா?" (மயிலாப்பூர், ஓய்வு பெற்ற ஆசிரியர்)

ஐயா, வலையமைப்பை நிறுத்துவது கஷ்டம். ரூபாயிலிருந்து உள்ளே போகும் வாசலை இறுக்கலாம், இறுக்கியும் இருக்கிறார்கள். 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு வங்கிச் சேவை தரக் கூடாது என்றது. உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4-ல் அதை ரத்து செய்தது. 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, ஜூலை முதல் 1 சதவீத டிடிஎஸ். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது.

நம் சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில், பிட்காயின் போன்ற கிரிப்டோ என்பது சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கக்கூடியது என்று சொன்னது. கிரிப்டோ வாங்கி விற்கும் ஒரு எக்ஸ்சேஞ்ச் தளம் ஹேக் ஆன பிறகு தன் காசு முடங்கிப்போன முதலீட்டாளர் போட்ட வழக்கு அது.

"நான் எக்ஸ்சேஞ்ச் ஆப்பில்தான் வைத்திருக்கிறேன். எனக்கும் இந்தக் கட்டுப்பாட்டில் பங்கு உண்டா?" (குரோம்பேட்டை)

இல்லை. சாவி அவர்களிடம், உங்களிடம் இருப்பது அவர்கள் புத்தகத்தில் உங்கள் பெயருக்கு நேராக ஒரு எண். அது வங்கிக் கணக்கு மாதிரி, ஆனால் வைப்புக் காப்பீடு இல்லாத வங்கிக் கணக்கு. சொந்த வாலட்டுக்கு மாற்றினால் பன்னிரண்டு அல்லது இருபத்து நான்கு சொற்கள் வரும், அவற்றிலிருந்துதான் உங்கள் சாவி உருவாகிறது. பேப்பரில் எழுதி வையுங்கள், போனில் படம் எடுக்காதீர்கள். தொலைத்தால் யாரிடமும் போய் முறையிட முடியாது. அந்தப் பொறுப்பு பயமாக இருந்தால், வாங்காமல் இருப்பதில் ஒரு தவறும் இல்லை.

"அக்கா, வீட்டில் நோடு வைக்க என்ன வேண்டும்? கரண்ட் போனால் என்ன ஆகும்?" (பள்ளிக்கரணை, பொறியியல் மாணவி)

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய மினி பிசி, 2 டிபி எஸ்எஸ்டி, சாதாரண பிராட்பேண்ட். என்னிடம் இருப்பது அவ்வளவுதான். முழுக் கணக்கும் 600 ஜிபிக்கு மேல் ஆகிவிட்டது, முதல் முறை இறக்கிச் சரிபார்க்க எனக்கு ஐந்து நாள் ஆனது. இதில் வருமானம் எதுவும் வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். நான்கு நாள் கரண்ட் இல்லை. பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்தேன். கரண்ட் வந்ததும் முதலில் மோட்டாரைப் போட்டோம், அப்புறம் பெட்டியை. கிட்டத்தட்ட 570 பிளாக் பின்தங்கியிருந்தது. நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொன்றாக வாங்கி, கையெழுத்தைப் பார்த்து, கூட்டிப் பார்த்து, மைனருக்குப் போன கூலி அன்றைய விதிப்படி 6.25 பிட்காயின்தானா என்று பார்த்து, ஏற்றுக்கொண்டே வந்தது. காபி குடித்து முடிப்பதற்குள் உலகத்தோடு சேர்ந்துவிட்டது.

நீ எஸ்எஸ்டி வாங்கியதும் சொல்லும்மா. என் பெட்டியிலிருந்து பிளாக்குகளை நகல் எடுத்துத் தருகிறேன், டவுன்லோடு நேரம் மிச்சமாகும். ஆனால் உன் கணினியில் முதல் பிளாக்கிலிருந்து நீயே சரிபார்க்க விடு, நான் கொடுத்தேன் என்பதற்காக நம்பிவிடாதே.