ஓடிவிட்டு வந்தபின் எடை கூடலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 43. பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். ஐ.டி. வேலை. இரண்டு வருடமாக நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் பழகிவருகிறேன். மூன்று மாதத்தில் கோவாவில் இந்த மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் 70.3 போட்டி, பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டேன். போன ஞாயிறு தேவனஹள்ளி தாண்டிப் போய்த் திரும்பி 90 கி.மீ. சைக்கிள், இறங்கியதும் 12 கி.மீ. ஓட்டம். மொத்தம் ஐந்து மணி நேரம். சோர்ந்துவிடக் கூடாதென்று ஆறு லிட்டர் தண்ணீர் குடித்தேன். வீட்டுக்கு வந்ததும் மண்டையைப் பிளக்கும் தலைவலி, இரண்டு தடவை வாந்தி. விரல் வீங்கி, கல்யாண மோதிரத்தைச் சோப்புப் போட்டுத்தான் கழற்ற முடிந்தது. காலையில் 71.4 கிலோ இருந்தவன் திரும்பியபோது 72.5. கூட ஓடுகிறவர்கள், ‘டீஹைட்ரேஷன்தான், இன்னும் நிறைய குடி’ என்கிறார்கள். முட்டி வலிக்காமலிருக்க நீண்ட பயிற்சிக்கு முன் ஐபுப்ரூஃபென் 400 ஒன்று போட்டுக்கொள்வேன். அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. நான் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

பதில்: இப்போது குடிப்பதைவிடக் குறைவாக.

விடையை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். 71.4, 72.5. ஐந்து மணி நேரம் வியர்த்து ஓடியவன் எடை குறைந்துதான் வீடு திரும்ப வேண்டும். ஒரு கிலோ, ஒன்றரை கிலோ குறைந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நீங்கள் ஒரு கிலோவுக்கு மேல் ஏறி வந்திருக்கிறீர்கள். வியர்வையும் சிறுநீருமாக வெளியே போனது ஏறக்குறைய ஐந்து லிட்டர், உள்ளே விட்டது ஆறு. தண்ணீர் வற்றிய உடம்பில் மோதிரம் இறுகாது.

ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பின் அளவு, லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அளவுக்கு மீறித் தண்ணீர் சேரும்போது, ரசத்தில் தண்ணீர் ஊற்றியதுபோல அது நீர்த்துப்போகிறது. வேண்டாத தண்ணீரைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடுமே என்று கேட்பீர்கள். சாதாரண நாளில் தள்ளிவிடும். பல மணி நேரம் உடம்பை வருத்தும்போது மூளை வாஸோபிரசின் என்ற ஹார்மோனைச் சுரந்து, ‘தண்ணீரை விடாதே’ என்று சிறுநீரகத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் போடும் ஐபுப்ரூஃபென் அதற்குப் பக்கவாத்தியம்: ஹார்மோனின் வேலையைத் தூக்கிவிடுவதோடு, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும். அந்த மாத்திரையை நீண்ட பயிற்சி நாளிலும் போட்டி நாளிலும் தொடவே வேண்டாம். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்கிற முட்டியை முதலில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்க்கட்டும்.

அன்றைக்கே சோடியம் பரிசோதித்திருந்தால் அடித்துச் சொல்லியிருப்பேன். இப்போது, எல்லா அறிகுறியும் சோடியம் குறைந்ததையே கை காட்டுகின்றன என்று மட்டும் சொல்கிறேன். இது அபூர்வமும் அல்ல. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் 135 அல்லது அதற்கும் கீழே இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்கள்தான் அதில் அதிகம் சிக்கினார்கள். பலருக்கு ஒன்றும் தெரியாமலே சரியாகிவிடும். முற்றினால் மூளை வீங்கும்; பேச்சுக் குழறும், வலிப்பு வரும், உயிரும் போகும்.

நானும் இதில் ஏமாந்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு ஓட்டப் போட்டியின் மருத்துவக் கூடாரத்தில் இருந்தேன். தள்ளாடி வந்த ஒருவரைப் படுக்கவைத்து, யோசிக்காமல் சலைன் ஏற்றச் சொல்லிவிட்டேன். ‘சார், வாட்ச் பட்டை எப்படிப் பதிஞ்சிருக்கு பாருங்க’ என்று நர்ஸ் அவர் மணிக்கட்டைக் காட்டியபிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த நிலைக்குச் சாதாரண டிரிப் மருந்தல்ல, கேடு. தீவிரமானால் 3 சதவீத உப்புக் கரைசலைச் சிறிய அளவில் ஏற்ற வேண்டும். கோவாவில் உங்களோடு வருகிறவரிடம் இதைச் சொல்லி வையுங்கள்: நீங்கள் குழறிப் பேசினால், ‘டிரிப் போடுமுன் சோடியம் பாருங்கள்’ என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

‘அப்படியானால் ஸ்போர்ட்ஸ் டிரிங்க் குடிக்கிறேன்’ என்று கிளம்பாதீர்கள். ரத்தத்தில் சோடியம் 140 என்றால் ஓ.ஆர்.எஸ். கரைசலில் 75, ஸ்போர்ட்ஸ் டிரிங்கில் பெரும்பாலும் 20 பக்கம். அதையும் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தம் நீர்க்கவே செய்யும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்தான். சைக்கிளில் போகும்போது உப்புப் போட்ட உருளைக்கிழங்கோ, புளிச்சோற்று உருண்டையோ வாய்க்குப் பிடித்தால் சாப்பிடுங்கள். ஆனால் உப்பு தின்கிறோம் என்ற தைரியத்தில் தண்ணீரை ஏற்றாதீர்கள்.

அளவு என்ன? தாகம் எடுத்தால் குடியுங்கள், அவ்வளவுதான். கணக்கு வேண்டுமென்றால் எடை இயந்திரம் போதும். துணியில்லாமல் நின்று எடை பாருங்கள், ஒரு மணி நேரம் ஓடுங்கள், துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். குறைந்த எடையோடு குடித்ததைக் கூட்டினால் உங்கள் ஒரு மணி நேர வியர்வை. அதைத் தாண்டி ஒருபோதும் குடிக்க வேண்டாம்.

பெங்களூரில் எடுத்த கணக்கு கோவாவுக்கு அப்படியே பொருந்தாது. நாம் இருப்பது கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல், காலையில் ஸ்வெட்டர் போடுகிற ஊர். அங்கே மீராமார் கடற்கரையில் வியர்வை காயாமல் வழிந்து ஓடும். காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. புழுக்கத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். சென்னையில் மாமியார் வீடு, சித்தி வீடு ஏதாவது இருந்தால் போட்டிக்கு முன் பத்து நாள் அங்கிருந்தே லேப்டாப்பைத் தட்டுங்கள். மாலையில் மெதுவாக ஓடி, எடை பார்த்து, கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். கடலில் மட்டும் தனியாக இறங்காதீர்கள். அது நம்மூர் கென்சிங்டன் நீச்சல் குளம் அல்ல.

தண்ணீரைப் பற்றி இவ்வளவு கேட்டுவிட்டு, அப்பாவின் மாரடைப்பை ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் பெரியது. தகப்பனுக்கு 55-க்கு முன் இதய நோய் வந்திருந்தால் மகனை நாங்கள் தனிக் கண்ணோடு பார்ப்போம். அமெரிக்காவில் உங்களுடையதைப் போன்ற நீச்சல்-சைக்கிள்-ஓட்டப் (டிரையத்லான்) போட்டிகளில் 1985 முதல் 2016 வரை நடந்த மரணங்களையும் இதயம் நின்றுபோன சம்பவங்களையும் தொகுத்தார்கள்: 135-இல் 90 நீச்சலின்போது. சராசரி வயது 47-ஐ ஒட்டி, பெரும்பாலோர் ஆண்கள். அப்படியே உங்கள் வயது, உங்கள் பாலினம். போட்டி தொடங்கும்போது முண்டியடிக்கும் கூட்டம், பதற்றம், திடீரென்று உச்சத்துக்குப் போகும் இதயத்துடிப்பு எல்லாம் அந்த முதல் சில நிமிடங்களில் சேர்ந்துகொள்கின்றன. பின்வரிசையில் நின்று இறங்குங்கள். நீந்தும்போது மூச்சுத் திணறி இருமல் வந்தாலோ, எச்சிலில் இளஞ்சிவப்பு நுரை தெரிந்தாலோ நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். கையைத் தூக்கி மீட்புப் படகைக் கூப்பிட்டு ஏறிவிடுங்கள். நீந்துமுன் வயிறு முட்டத் தண்ணீர் குடிப்பதும் இதற்கு ஒரு காரணம்.

இந்த வாரமே ஒரு இதய மருத்துவரைப் பார்த்து ஈ.சி.ஜி., எக்கோ, டி.எம்.டி. (டிரெட்மில்லில் நடக்கவைத்து எடுக்கும் ஈ.சி.ஜி.), கொழுப்பு, சர்க்கரை எல்லாம் எடுங்கள். பரம்பரையாக வரும் ஒருவகைக் கொழுப்பைக் காட்டும் லைப்போபுரோட்டீன்-ஏ என்ற பரிசோதனையையும் கேளுங்கள்; வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். டி.எம்.டி. நன்றாக வந்தாலும் படியேறும்போது நெஞ்சு இறுகினால், தாடையோ இடது கையோ வலித்தால், அது இதயக் கோளாறு அல்ல என்று முடிவாகும்வரை பயிற்சி கிடையாது. ரிப்போர்ட் வரும்வரை வேகப் பயிற்சியை நிறுத்திவிட்டு, மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில் மட்டும் ஓடுங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.